நிலத்தடி வெப்பத்தில் வீட்டைச் சூடாக்குவது: ஒன்ராறியோ வீட்டுக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜியோதெர்மல் போட்டுவிட்டால் குளிர்காலத்தில் பில்லே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேஸ் பில் நிற்கும், ஹைட்ரோ பில் (இங்கே மின்சார பில்லுக்குப் பெயர்) ஏறும். எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பகுதியில் சொந்த வீடு வைத்திருப்பவர் இதை யோசிக்கத் தொடங்கும் நாளிலிருந்து, போட்டு முடித்துப் பராமரிக்கும் காலம் வரை என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இயங்கும் விதம். ஜனவரியில் வெளியே மைனஸ் 18 டிகிரி அடிக்கும்போதும் தெற்கு ஒன்ராறியோவில் நிலத்துக்குக் கீழே 10 மீட்டர் போனால் வெப்பம் ஏறத்தாழ 9, 10 டிகிரிதான், கோடையிலும் அதே. அங்கே புதைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் உறையாத திரவம் ஒன்று சுற்றிவருகிறது. அது கொண்டுவரும் குறைந்த வெப்பத்தைப் பேஸ்மென்டில் இருக்கும் ஹீட் பம்ப் அழுத்திக் கூட்டி வீட்டுக்குள் விடுகிறது. ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் வெப்பத்தை முதுகுப்புறம் தள்ளுகிறதே, அதே வேலை. கோடையில் திசை மாறும். வீட்டின் வெப்பம் மண்ணுக்குள் போகும், ஏசி தனியாக வேண்டாம். ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் கொடுத்தால் மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். இந்த விகிதத்தைத்தான் சிஓபி என்கிறார்கள்.

இதில் இரண்டு பாகம். பேஸ்மென்டில் இருக்கும் இயந்திரம் 20 வருடம் உழைக்கும், பழுதானால் மாற்றலாம். மண்ணுக்குள் இருக்கும் லூப், அதாவது திரவம் சுற்றும் குழாய், 50 வருடம் தாண்டியும் இருக்கும், ஆனால் பிழையாகப் போட்டுவிட்டால் திருத்த வழியே இல்லை. விற்பனைக்கு வருகிறவர்கள் இயந்திரத்தைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் மண்ணுக்குள் போவதைக் கவனியுங்கள்.

உங்களுக்கு இது கட்டுபடியாகுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேஸில் ஓடும் ஒரு வீடு வருடத்துக்கு 2,400 கன மீட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீருக்கு 400 போனால் சூடாக்க 2,000. ஒரு கன மீட்டரில் சுமார் 10.3 யூனிட் சக்தி இருக்கிறது. ஃபர்னஸ் 95 சதவீதத் திறன் என்றால் வீட்டுக்குள் வந்த வெப்பம் ஏறத்தாழ 19,600 யூனிட். இதையே சிஓபி 3.5 உள்ள ஜியோதெர்மல் கொடுக்க 5,600 யூனிட் மின்சாரம் வேண்டும். கேஸ் கன மீட்டருக்கு 45 சென்ட், மின்சாரம் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 15 சென்ட் என்று எடுத்தால் கேஸுக்கு 900 டாலர், ஜியோதெர்மலுக்கு 840 டாலர். வித்தியாசம் வெறும் 60 டாலர்!

அதே வீடு புரோபேனில் ஓடினால் கிட்டத்தட்ட 2,950 லிட்டர் எரியும். லிட்டர் 80 சென்ட் என்றால் 2,360 டாலர். பேஸ்போர்ட் மின் ஹீட்டர் என்றால் 19,600 யூனிட்டும் மின்சாரமாகவே போகும், 2,940 டாலர். ஆகவே கிராமப்புறத்தில் புரோபேன், எண்ணெய், பேஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வருடத்துக்கு 1,500 முதல் 2,000 டாலர் வரை மிஞ்சும். கேஸ் வசதி உள்ள மார்க்கம், ஏஜாக்ஸ் போன்ற ரொறன்ரோப் புறநகர் வீடுகளுக்குப் பணக்கணக்கை மட்டும் பார்த்தால் இது கட்டுபடியாகாது. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் கார்பன் கட்டணமும் எடுக்கப்பட்டுவிட்டதால் கேஸ் இன்னும் மலிவாகிவிட்டது. கேஸ் இணைப்பையே முழுதாகத் துண்டித்தால் மாதாமாதம் கட்டும் நிலையான கட்டணம் மிச்சம், கோடையில் குளிரூட்டும் செலவும் குறையும். அப்படியும் சாதாரண வீட்டுக்குச் செங்குத்துத் துளை முறையில் பெரும்பாலும் 30,000 முதல் 50,000 டாலர் வரை போகும் செலவை அது சீக்கிரம் ஈடுகட்டாது.

என் கருத்தைக் கேட்டால்: சிறிய காணியில் கேஸ் வீடு, காரணம் பணம் மட்டுமே என்றால், வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும், குளிர்ப்பிரதேசத்துக்கான காற்று ஹீட் பம்ப் போதும். புகையை நிறுத்த வேண்டும், வெளியே சத்தம் போடும் பெட்டி வேண்டாம், இந்த வீட்டில்தான் இருபது வருடம் இருக்கப்போகிறோம் என்பவர்களுக்கு ஜியோதெர்மல் சரி. ஒன்ராறியோ 2014-இல் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்திவிட்டது. இங்கே மின்சாரம் பெரும்பாலும் அணுவிலும் நீரிலும் வருவதால் புகைக் கணக்கு உண்மையிலேயே குறையும்.

முதல் வேலை வீட்டில்தான்

துளை போடுபவரைக் கூப்பிடுவதற்கு முன் அட்டிக்கைப் பாருங்கள். இன்சுலேஷன் தாழ்ந்து போயிருந்தால் அதை ஏற்றுவது, ஜன்னல் ஓரங்களிலும் பேஸ்மென்ட் மேல்விளிம்பிலும் காற்று கசியும் இடங்களை அடைப்பது எல்லாம் சில ஆயிரம் டாலரில் முடியும். அதனால் அரை டன், ஒரு டன் (டன் என்பது இயந்திரத்தின் வெப்பத் திறனுக்கான அளவு) தேவை குறைந்தால் நூறடி, நூற்றைம்பது அடி துளை மிச்சம். காசு அங்கேயே திரும்பிவிடும்.

அப்புறம் வெப்ப இழப்புக் கணக்கு. கனடாவில் இதற்கு சிஎஸ்ஏ எஃப்280 என்ற முறை இருக்கிறது. ஒவ்வொரு அறையின் சுவர், ஜன்னல், கூரை எல்லாம் அளந்து, அந்த ஊரின் கடுங்குளிர் வெப்பநிலையில் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கணிப்பார்கள். ரொறன்ரோவுக்கு மைனஸ் 18, ஒட்டாவாவுக்கு மைனஸ் 25 என்று எடுப்பது வழக்கம். வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு "நாலு டன் போதும் அண்ணே" என்று சொல்பவரிடம் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கிடைத்த எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையும் 18-க்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறது என்று கூட்டி வருவதை ஹீட்டிங் டிகிரி நாட்கள் என்பார்கள்; ரொறன்ரோவில் ஒரு வருடத்துக்கு அது ஏறத்தாழ 3,500. மேலே சொன்ன 19,600 யூனிட்டை 3,500-ஆலும் 24-ஆலும் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 0.23 கிலோவாட். 18-க்கும் மைனஸ் 18-க்கும் இடையே 36 டிகிரி, பெருக்கினால் 8.3 கிலோவாட். வீட்டை 21-இல் வைப்பதால் கொஞ்சம் கூட்டி 9 என்று கொள்ளலாம். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட், அதாவது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு). ஆக இந்த வீட்டுக்கு மூன்று டன் தாராளம். யாராவது ஐந்து டன் எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

உச்சக் குளிரின் முழுத் தேவைக்கும் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. உச்சத் தேவையில் 70, 80 சதவீதத்துக்கு வாங்கினாலே வருட வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அது பார்த்துக்கொள்ளும். வருடத்தில் ஒரு சில கடும் இரவுகளுக்கு உள்ளே இருக்கும் மின் ஹீட்டர் கைகொடுக்கும். பெரிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடும், கம்ப்ரஸர் ஆயுள் குறையும், கோடையில் ஈரப்பதமும் போகாது.

மண், காணி, லூப்

காணி பெரிதாக இருந்தால், உதாரணமாகக் கவார்த்தா பக்கம் ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தால், கிடைமட்ட லூப் மலிவு. 6 அடி ஆழத்தில் நீளப் பள்ளம் வெட்டி, டன்னுக்கு 400 முதல் 600 அடி வரை குழாய் படுக்கவைப்பார்கள். ஈரக் களிமண் நல்லது. காய்ந்த மணல் வெப்பத்தைக் கடத்தாது. சொந்தக் குளமோ கிணறோ உள்ளவர்களுக்கு வேறு முறைகளும் உண்டு, ஆனால் அவை தண்ணீரின் தரத்தையும் அளவையும் பொறுத்தவை.

நகரத்துக் காணிக்குச் செங்குத்துத் துளைதான். டன்னுக்கு 150 முதல் 200 அடி என்பது முதல் மதிப்பீடு. மூன்று டன்னுக்கு 250, 300 அடியில் இரண்டு துளை, நடுவில் 5, 6 மீட்டர் இடைவெளி. ஒன்றுக்கு மிக அருகில் ஒன்று போட்டால் இரண்டும் ஒரே மண்ணின் வெப்பத்தை உறிஞ்சும்.

கீழே என்ன இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். ரொறன்ரோவுக்கு அடியில் பனியாறு விட்டுப்போன மண்படிவம், அதற்குக் கீழே ஷேல் பாறை. வடக்கே ஓக் ரிட்ஜஸ் மொரேன் பக்கம் போனால் மணலும் சரளையும் மிக ஆழம் வரை இருக்கும், பாறை கிடைக்கும்வரை துளை இடியாமல் கேசிங் குழாய் இறக்க வேண்டும், சில இடங்களில் நிலத்தடி நீர் தானாகவே மேலே பொங்கும். இன்னும் வடக்கே கனேடியக் கேடயத்தின் கிரானைட். துளைப்பது கடினம், ஆனால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். உங்கள் தெருவிலோ பக்கத்திலோ முன்பு துளை போட்ட ஆளைப் பிடிப்பது இதனால்தான் முக்கியம்.

ஷேல் பாறைக்குள் இயற்கை எரிவாயு அடைபட்டிருக்கலாம். துளை அதில் பட்டால் ஆபத்து. ஒன்ராறியோ 2012-இல் இதற்கென்றே 98/12 என்ற ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது: 5 மீட்டருக்கு மேல் ஆழமாகப் போகும் மூடிய செங்குத்து லூப் போட, சுற்றுச்சூழல் அமைச்சின் அனுமதி வேண்டும். இதைத் துளை போடும் நிறுவனம் வைத்திருக்க வேண்டும். நகலைக் கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்ற பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, துளையிடும் வண்டி உள்ளே வருமா? புதிய குடியிருப்புகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே நாலடிகூட இருக்காது. பின்முற்றத்துக்கு வண்டி போகாவிட்டால் முன்புறப் புல்வெளியிலோ டிரைவ்வேயிலோ போடுவார்கள். அது தவறல்ல, டிரைவ்வேயைத் திரும்பப் போடும் செலவை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடும் முன்

ஒன்ராறியோவில் ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் போன்றவற்றைக் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்து விற்பது 2018 மார்ச் 1 முதல் தடை. வீட்டு உபகரணங்களை வாடகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுப் பத்திரத்தில் நோசி எனப்படும் பாத்தியதையைப் பதிவுசெய்யும் பழக்கத்தையும் 2024 ஜூனில் அரசு நிறுத்தியது. நம் ஆட்கள் நிறையப் பேர் இதில் மாட்டி, வீட்டை விற்கப் போகும்போதுதான் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஜியோதெர்மலில் "ஒரு டாலரும் முன்பணம் வேண்டாம், மாதாமாதம் கட்டலாம்" என்று வருவதை வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மானியம் அடிக்கடி மாறும். மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024-இல் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. பழைய விளம்பரங்களில் இன்னும் அதன் பெயரைக் காணலாம். ஒன்ராறியோவில் 2025-இல் ஹோம் ரெனோவேஷன் சேவிங்ஸ் புரோகிராம் தொடங்கியது. கேஸில் சூடாக்கும் வீட்டுக்கும் மின்சாரத்தில் சூடாக்கும் வீட்டுக்கும் தொகை வேறு. வேலையைத் தொடங்கும் முன்பே நிபந்தனையைப் படித்துவிடுங்கள். முடித்த பிறகு விண்ணப்பித்தால் பல திட்டங்களில் கிடைக்காது.

மூன்று நிறுவனங்களிடமாவது எழுத்தில் விலை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் இவை இருக்க வேண்டும்: எஃப்280 கணக்கு, துளைகளின் எண்ணிக்கையும் ஆழமும், கிரவுட்டின் (துளையை நிரப்பும் கலவையின்) வகை, உறைதடுப்புத் திரவத்தின் வகை, வடிவமைப்பு சிஎஸ்ஏ சி448 தரத்தைப் பின்பற்றும் என்ற வாசகம். அதோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மார்ச் மாதத்தில் லூப்பிலிருந்து இயந்திரத்துக்குள் வரும் திரவம் எத்தனை டிகிரியில் இருக்கும்?" மைனஸ் 1, 0, 1 என்று ஒரு எண்ணைச் சொல்லி, எப்படி வந்தது என்று காட்டுபவர் வடிவமைத்திருக்கிறார். "நல்லா இருக்கும்" என்பவர் ஊகித்திருக்கிறார்.

துளை போடும் நாட்கள்

லீவு போட்டு வீட்டில் இருங்கள். ஏற்கெனவே நிலத்தடி இணைப்புகளைக் குறித்துத் தரும் ஒன்ராறியோ வன் கால் சேவை மூலம் கேஸ், ஹைட்ரோ, தண்ணீர் இணைப்புகளைக் குறித்திருப்பார்கள். அது இலவசம், அது இல்லாமல் தோண்டக் கூடாது. முற்றம் சேறாகும். தோண்டிய சேற்றை ஏற்றிப்போகும் பொறுப்பு யாருடையது என்பதை முன்பே பேசிவிட்டால் நல்லது, தெருக் காணுக்குள் விட்டால் நகரசபை உங்களைத்தான் பிடிக்கும்.

துளைக்குள் போகும் எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் குழாயின் அடிப்பக்கம் யூ வளைவாக இருக்கும். இந்த வளைவு தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டியதாக இருக்க வேண்டும். குழாயின் மேல் வரிசையாக நீள எண்கள் அச்சிட்டிருக்கும். இறக்கி முடித்ததும் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளிலும் தரைமட்டத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். ஒன்றில் 1,012 அடி, மற்றதில் 412 அடி என்றால் உள்ளே 600 அடிக் குழாய் இருக்கிறது, துளை 300 அடி. ஒப்பந்தத்தில் 300 என்று எழுதி, எண்கள் 250 காட்டினால் அப்போதே கேட்கலாம். ஒரு மாதம் கழித்துக் கேட்க முடியாது. எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது கிரவுட். துளைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள வெற்றிடத்தைப் பென்டோனைட் களிமண் கலவையால் நிரப்ப வேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்தாது, மேல்மட்ட அழுக்குநீர் அந்த வழியே நிலத்தடி நீருக்கும் இறங்கும். ஆகவே சிறு குழாய் ஒன்றை அடிவரை விட்டு, கீழிருந்து மேலாகப் பம்ப் செய்ய வேண்டும், கலவை தரைக்கு மேலே வழியும்வரை. மறுநாள் அது சற்று இறங்கியிருக்கும், மேலே நிரப்ப வேண்டும். சாதாரண பென்டோனைட்டின் வெப்பக் கடத்துத்திறன் 0.7 அளவில், சிலிக்கா மணலோ கிராஃபைட்டோ கலந்தால் 1.5-க்கு மேலே போகும். கூடுதல் செலவு சில நூறு டாலர். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

துளைகளை இணைத்து வீட்டுக்குக் கொண்டுவரும் குழாய், உறைபனி எட்டாத ஆழத்தில், 1.5 மீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் எல்லா இணைப்பும் உருக்கி ஒட்டியதாக இருக்க வேண்டும், கிளாம்ப் போட்டு இறுக்கியது ஒன்றுகூடக் கூடாது. மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை. மானியைப் படம் எடுங்கள். குழாயோடு சேர்த்து உலோகப் பட்டி புதைத்தால் பின்னாளில் கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாம். சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடம்தான் பேஸ்மென்ட் ஒழுகும் இடம். குழாய் வீட்டிலிருந்து வெளியே சரிந்து போக வேண்டும், வெளிப்பக்கமும் உட்பக்கமும் அடைக்க வேண்டும்.

கடைசியாக, பள்ளத்தை மூடுவதற்கு முன் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் டேப் பிடித்து அளந்து ஒரு வரைபடம் போடுங்கள்.

பேஸ்மென்டுக்குள்

ஃபர்னஸிலிருந்து வரும் காற்று 55, 60 டிகிரி சூடு. ஜியோதெர்மல் காற்று 35, 40 தான். அதே வெப்பத்தைக் கொடுக்க அதிகக் காற்றுத் தள்ள வேண்டும், டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி. காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் பழைய டக்ட் ஒடுக்கமாக இருந்தால் சத்தம் வரும், மேல்மாடி அறை சூடாகாது. டக்டை அளக்காமல் விலை கொடுத்தவரை இங்கேயும் சந்தேகப்படலாம். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால் கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் ஒரே தெர்மோஸ்டாட்டில் சண்டை போடாமல் இருக்க, டக்டைத் தொடும் இந்த நேரத்திலேயே மண்டலமாகப் பிரிப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

மின்சாரப் பக்கம்: 10 கிலோவாட் துணை ஹீட்டருக்கு மட்டும் 60 ஆம்பியர் பிரேக்கர் கேட்கும். 100 ஆம்பியர் பேனல் உள்ள வீட்டில், மின்காரும் இருந்தால், 200-க்கு மாற்ற வேண்டிவரலாம். மின்வேலையை இஎஸ்ஏ என்ற மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துச் செய்ய வேண்டும், முடிந்ததும் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ் ஃபர்னஸை எடுத்துவிட்டுக் கேஸ் வாட்டர் ஹீட்டரை மட்டும் விட்டால் ஒரு சிக்கல். இரண்டும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தியிருந்தால் தனியாக விடப்பட்ட ஹீட்டருக்குப் புகைபோக்கி அளவு மீறிப் பெரிதாகி, புகை வீட்டுக்குள் திரும்பலாம். கார்பன் மோனாக்சைடு விஷயம், விளையாட்டில்லை. உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். டிசூப்பர்ஹீட்டர் என்ற சிறு பாகம் சேர்த்தால் இயந்திரம் ஓடும்போது வெந்நீரில் ஒரு பங்கைச் சூடாக்கித் தரும். அதற்குத் தனியாக ஒரு முன்சூடாக்கும் தொட்டி வைப்பது நல்லது.

கழுவி நிரப்பி, அளந்து ஒப்படைப்பது

லூப்பில் காற்றோ மண்ணோ இருந்தால் பம்ப் கெடும். அதனால் பெரிய பம்ப் பூட்டிய தள்ளுவண்டி ஒன்றைக் கொண்டுவந்து, விநாடிக்கு குறைந்தது 0.6 மீட்டர் வேகத்தில் தண்ணீரைச் சுற்றவிடுவார்கள். குமிழி நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. திரும்பிவரும் வால்வை மூடி, தள்ளுவண்டித் தொட்டியின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அழுத்தம் ஏறும்போது மட்டம் சட்டென்று ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் உள்ளே காற்று இன்னும் இருக்கிறது. தண்ணீர் அமுங்காது, காற்றுதான் அமுங்கும்.

பிறகு உறைதடுப்புத் திரவம், பெரும்பாலும் எத்தனால் அல்லது புரோப்பிலீன் கிளைகால், மைனஸ் 10 டிகிரி அளவு வரை உறையாத விகிதத்தில். என்ன திரவம், எத்தனை சதவீதம், எந்தத் தேதி என்று எழுதிய அட்டையைக் குழாயில் கட்டச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து வரும் வேறொரு டெக்னீஷியனுக்கு அது இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது, இரண்டு திரவத்தைக் கலந்துவிடுவார்.

ஒப்படைக்கும் நாளில் நாலு எண்கள் எழுத்தில் வேண்டும்: லூப் திரவம் உள்ளே வரும் வெப்பநிலை, வெளியே போகும் வெப்பநிலை, ஓட்டத்தின் அளவு, காற்றின் வெப்ப உயர்வு. ஓட்டம் டன்னுக்கு நிமிடத்துக்கு 3 அமெரிக்க கேலன் என்பது வழக்கம். மூன்று டன் இயந்திரத்தில் 9 கேலன் ஓடி, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் வித்தியாசம் 6 ஃபாரன்ஹீட் என்றால், 9-ஐ 6-ஆலும், பிடியுவாக மாற்றும் 485 என்ற எண்ணாலும் பெருக்குங்கள்: மணிக்கு 26,000 பிடியு மண்ணிலிருந்து வருகிறது. கம்ப்ரஸர் கொடுப்பதையும் கூட்டினால் 33,000 பக்கம். இயந்திரத்தின் கையேட்டில் அந்த வெப்பநிலைக்கு உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கடைசித் தவணையைக் கொடுக்கலாம்.

ஓட்டுவது

தெர்மோஸ்டாட்டை இரவில் நாலைந்து டிகிரி குறைத்து விடிய ஏற்றும் ஃபர்னஸ் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விடியற்காலையில் அது ஒரேயடியாக ஏற முயலும், துணை ஹீட்டர் எரியும், மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போகும். ஒரே அளவில் விடலாம், அதிகம் போனால் ஒரு டிகிரி. காலை 7 மணி வரை மலிவாக இருக்கும் இரவு மின்கட்டணத் திட்டத்தில் இருப்பவர்கள் விடியும் முன் ஒரு டிகிரி கூட்டி வைப்பதில் தப்பில்லை. துணை ஹீட்டர் ஓடுகிறது என்று காட்டும் "ஆக்ஸ்" என்ற எழுத்து திரையில் ஜனவரிக் கடுங்குளிரில் வந்தால் பரவாயில்லை. நவம்பரில் வந்தால் ஏதோ சரியில்லை.

மின்சாரம் போனால் இதுவும் நிற்கும். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்குத் தெரியும், அப்போது கேஸ் ஃபர்னஸும் விசிறிக்கு மின்சாரம் இல்லாமல் நின்றுதான் போனது. ஜெனரேட்டர் வைக்க விரும்பினால் கம்ப்ரஸருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தைச் சின்ன ஜெனரேட்டர் தாங்காது.

பராமரிப்பு

உங்கள் கையில் இருக்கும் முதல் வேலை ஃபில்டர். ஓர் அங்குல ஃபில்டரை மாதாமாதம் பாருங்கள், நாலு அங்குலம் ஆறு மாதம் தாங்கும். தாளிப்பும் பொரியலும் தினமும் நடக்கும் வீட்டில் எண்ணெய்ப் புகை ஃபில்டரைச் சீக்கிரம் ஒட்டவைத்துவிடும். சமையலறை எக்ஸாஸ்ட் வெளியே போகிறதா, வெறுமனே சுற்றிவிடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஒரு நோட்டு. அக்டோபரில் ஒரு தடவை, மார்ச் தொடக்கத்தில் ஒரு தடவை, லூப் உள்ளே வரும் வெப்பநிலையை எழுதுங்கள். அக்டோபரில் பத்துக்கு மேலே இருந்து, மார்ச்சில் 0, 2 டிகிரிக்கு இறங்குவது இயல்பு, வசந்தத்தில் மண் திரும்ப ஏறிவிடும். ஒவ்வொரு மார்ச்சும் முந்தைய மார்ச்சைவிடக் குறைந்துகொண்டே போனால் லூப் சிறிது, மண் முழுதாக மீளவில்லை என்று அர்த்தம். கோடையில் ஏசியாக நன்றாக ஓட்டுவது மண்ணுக்கு வெப்பம் திருப்பிக் கொடுப்பதால் இதற்குக் கொஞ்சம் உதவும்.

லூப் அழுத்தமானி பலரைப் பயமுறுத்தும். குளிர்காலத்தில் அழுத்தம் ஏறும், கோடையில் இறங்கும். எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாகத் தோன்றினாலும் காரணம் எளிது: வெயில் காலத்தில் பிளாஸ்டிக் குழாய் உள்ளே இருக்கும் திரவத்தைவிட அதிகம் விரிகிறது. முதல் வருடம் குழாய் சற்று இழுபட்டு அழுத்தம் குறைவதும் சகஜம், ஒரு தடவை ஏற்றிவிடுவார்கள். ஒரு ஜனவரியைப் போன ஜனவரியோடு ஒப்பிட்டு, தொடர்ந்து இறங்கினால்தான் கசிவைத் தேட வேண்டும். குழாயில் களகளவென்று சத்தம் கேட்டால் காற்று புகுந்திருக்கிறது.

வருடம் ஒருமுறை டெக்னீஷியன் வந்து திரவத்தின் செறிவு, மின் இணைப்புகளின் இறுக்கம், கபாசிட்டர், காயில், கோடையில் குளிரூட்டும்போது சேரும் நீர் வடியும் குழாய் ஆகியவற்றைப் பார்க்கட்டும். கெல்ஃப், கிச்சனர்–வாட்டர்லூ பக்கம் நிலத்தடி நீர் மிகக் கடினமானது, அங்கே டிசூப்பர்ஹீட்டரில் சுண்ணாம்பு படியும், கழுவச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம்: ஒவ்வொரு வருடமும் குளிர்வாயு மானியைப் பூட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வாயு வெளியேறும். வெப்பநிலை எண்கள் சரியாக இருந்தால் வாயுவைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இயந்திரம் பூட்டிக்கொண்டு நின்றால் எந்தப் பிழை என்று திரையில் பாருங்கள். சூடாக்கும் காலத்தில் "உயர் அழுத்தம்" என்றால் காற்றுப் பக்கம் சந்தேகம், முதலில் ஃபில்டர். "தாழ் அழுத்தம்" என்றால் லூப் பக்கம், பம்ப் ஓடுகிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் இது தலைகீழாகும். ஒரு தடவை ரீசெட் செய்யலாம். மறுபடி நின்றால் திரும்பத் திரும்ப அழுத்தாமல் ஆளைக் கூப்பிடுங்கள், கம்ப்ரஸரைக் கொல்வது அந்த ரீசெட் பொத்தான்தான். சுற்றும் பம்ப் பத்து வருடத்தில் மாற்ற வேண்டிவரலாம். அதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருங்கள்.

முற்றத்தில் டெக் கட்டவோ மரம் நடவோ வேலி போடவோ போகிறீர்கள் என்றால் ஒன்ராறியோ வன் கால் வந்து குறித்துவிட்டுப் போவது கேஸ், ஹைட்ரோ நிறுவனங்களின் இணைப்புகளை மட்டும்தான். உங்கள் லூப் உங்கள் சொந்தச் சொத்து, அதை அவர்கள் குறிக்க மாட்டார்கள். துளை போட்ட அன்று அளந்து வைத்த வரைபடத்தை எடுத்து நீங்களே தோண்டுபவருக்குக் காட்ட வேண்டும். அதன் நகல் ஒன்றை மின் பேனலின் கதவுக்குள் ஒட்டி வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீலும் அதைத்தான் கேட்பார்.